பழைய மானிட்டர் எரியவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

அலுவலகங்கள் கழித்துக்கட்டும் மானிட்டர்கள் சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி ஊர்ப்பக்கத்துப் பழைய இரும்புக் கடை வரை அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ‘எரியவில்லை’ என்று ஓரமாக ஒதுக்கியவைதான் என் கண்ணில் முதலில் படும். சுத்தமாக எரியாத மானிட்டரைச் சரிசெய்வது பெரும்பாலும் எளிது. நன்றாக எரிந்து, திரையில் ஒரே ஒரு கோடு மட்டும் விழும் மானிட்டரை வீட்டில் சரிசெய்வது பெரும்பாலும் நடக்காத காரியம். கடைக்காரர்கள் விலை சொல்வது இதற்கு நேர்மாறாக இருக்கும். கோடு விழும் மானிட்டருக்குக் கூடுதல் விலை, எரியாததற்குக் குறைந்த விலை. அது நமக்கு நல்லதுதான்.

தட்டையான மானிட்டர் எதுவானாலும் உள்ளே முக்கியமானவை மூன்று. வீட்டு மின்சாரத்தை வாங்கிக் குறைந்த டிசி மின்னழுத்தமாக மாற்றும் பவர் போர்டு, கணினியின் சிக்னலைப் பேனலுக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் மெயின் போர்டு, படத்தைக் காட்டும் பேனல். பேனலுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் விளக்குதான் பேக்லைட். பவர் போர்டு கெட்டால் சில ரூபாய்ப் பொருள்களில் சரியாகிவிடும். மெயின் போர்டு கெட்டால், அதே மாடலின் வேறு போர்டு கிடைத்தால் மாற்றலாம். பேனல் கெட்டால் விட்டுவிட வேண்டியதுதான். புதுப் பேனலுக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல நிலையில் உள்ள இன்னொரு பழைய மானிட்டரே வாங்கிவிடலாம். எனவே கீழே வரும் சோதனைகள் எல்லாம், பழுது இந்த மூன்றில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகத்தான்.

இங்கே சொல்பவை எல்சிடி மானிட்டருக்கு மட்டும் பொருந்தும். பெட்டி போன்ற பழைய குழாய் மானிட்டரில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. அனுபவம் இல்லாதவர்கள் அதன் பின்மூடியைக் கழற்றவே வேண்டாம்.

கை வைப்பதற்கு முன்

நம் வீட்டு 230 வோல்ட் ஏசி, பவர் போர்டில் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டையோடைத் தாண்டியதும் ஏறக்குறைய 325 வோல்ட் டிசி ஆகிறது. அதைத் தேக்கி வைப்பது அந்தப் போர்டிலேயே உருவத்தில் பெரிய கெபாசிட்டர். உடம்பில் 400 அல்லது 450 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கும். எரிகிற மானிட்டரைவிட எரியாத மானிட்டரில்தான் நெடுநேரம் தங்கும். அதைச் செலவழிக்க உள்ளே எதுவும் ஓடவில்லை அல்லவா?

10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் உறையிட்ட வயரைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். அதை அந்தக் கெபாசிட்டரின் இரு கால்களிலும் பத்து விநாடி பிடித்தால் மின்சாரம் வடிந்துவிடும். வடிந்ததா என்று மல்டிமீட்டரால் அளந்து பார்த்த பிறகே விரலை வையுங்கள். திருப்புளியைக் குறுக்கே வைத்துத் தீப்பொறி பறக்க வடிக்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சில நேரம் போர்டின் செம்புத் தடமே பெயர்ந்துவிடும்.

தேவைப்படும் கருவிகள் அதிகமில்லை. சாதாரண மல்டிமீட்டர், 25 அல்லது 40 வாட் சால்டரிங் அயர்ன், சால்டரை உறிஞ்சும் பம்ப், நட்சத்திரத் திருப்புளி, காலாவதியான ஏடிஎம் அட்டை, டார்ச் விளக்கு. இவற்றோடு சீரிஸ் பல்பு ஒன்று கட்டாயம் வேண்டும். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை மின்சாரம் போகும் ஃபேஸ் வயரை வெட்டி, வெட்டிய இரு முனைகளுக்கும் இடையில் இணைத்துப் பலகையில் பொருத்திய அமைப்பு அது. வயரிங் வேலை செய்பவர் யாரிடம் கேட்டாலும் செய்து கொடுப்பார். மானிட்டரின் உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், வேறெதுவும் வெடிக்காது. ஷார்ட் இல்லையென்றால் ஒரு கணம் மின்னி மங்கிவிடும். எல்இடி பல்பு இதற்கு உதவாது, பழைய இழை பல்புதான் வேண்டும்.

கழற்றும் முறை பெரும்பாலான மாடல்களில் ஒன்றுதான். மேசையில் போர்வையை விரித்து, திரை கீழே இருக்கும்படி படுக்க வைத்து, முதலில் மானிட்டர் நிற்கும் காலை எடுத்துவிட்டு, தெரிகிற திருகாணிகளை எல்லாம் கழற்றுங்கள். மிச்சத்தைப் பிடித்திருப்பவை பிளாஸ்டிக் கொக்கிகள். முன்சட்டத்துக்கும் பின்மூடிக்கும் இடையில் ஏடிஎம் அட்டையைச் செருகிக் கீழ் விளிம்பிலிருந்து நகர்த்திக்கொண்டே போனால் ஒவ்வொன்றாக விடுபடும். கத்தியோ திருப்புளியோ நுழைத்தால் பேனலின் விளிம்பு உடையும். உடைந்தால் அத்தோடு எல்லாம் முடிந்தது. முன்சட்டம் கையோடு வந்ததும் வெடுக்கென்று இழுக்காதீர்கள். பட்டன்களுக்குப் போகும் மெல்லிய வயர் உள்ளே மாட்டியிருக்கும். ஒவ்வொரு கனெக்டரையும் பிரிக்குமுன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த விளக்கும் எரியவில்லை

முதலில் பவர் கார்டை மாற்றிப் பாருங்கள். சில மாடல்களில் பின்புறம் தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும், அதையும் பாருங்கள். ‘செத்துவிட்டது’ என்று விற்கப்பட்டவை சில இதிலேயே உயிர் பெறும்.

தனி அடாப்டரில் ஓடும் மாடலானால் வேலை இன்னும் சுலபம். அடாப்டரின் மேல் எழுதியுள்ள மின்னழுத்தம், 12 வோல்ட்டோ 19 வோல்ட்டோ, மீட்டரில் வருகிறதா என்று பாருங்கள். ஆனால் சும்மா அளக்கும்போது சரியாகக் காட்டி, மானிட்டரைச் செருகியதும் படுத்துவிடும் அடாப்டர்களும் உண்டு. செருகிய நிலையில் உள்ளே ஜாக்கின் கால்களில் அளந்தால்தான் உண்மை தெரியும். அந்த ஜாக்கின் சால்டர் விரிசல் விட்டிருப்பதும் சாதாரணம். செருகி அசைக்கும்போது விளக்கு வந்து வந்து போனால் சந்தேகமே வேண்டாம்.

பவர் போர்டு உள்ளேயே இருக்கும் மாடலில் பிளக் செருகும் இடத்துக்கு அருகில் ஃபியூஸ் இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, கெபாசிட்டரை வடித்துவிட்டு, ஃபியூஸின் இரு முனைகளிலும் கன்டினியூட்டி சோதனை செய்யுங்கள், அதாவது மீட்டர் ஓசை எழுப்புகிறதா என்று பாருங்கள். எழுப்பாவிட்டால் ஃபியூஸ் போய்விட்டது. ஃபியூஸ் போயிருந்தால் அதன் கண்ணாடியைப் பாருங்கள். உள்ளே இழை மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால், மின்தடைக்குப் பிறகு வந்த திடீர் ஏற்றத்திலோ வயதாகியோ அறுந்திருக்கலாம். கண்ணாடி கறுத்து வெள்ளி பூசியது போல் இருந்தால் உள்ளே ஷார்ட் நடந்திருக்கிறது. புது ஃபியூஸ் போட்டால் அதுவும் அதே கணத்தில் போகும். அப்போது பார்க்க வேண்டியவை, ஃபியூஸுக்கு அடுத்து வட்டத் தட்டு போல் இருந்து திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் வேரிஸ்டர், நான்கு கால் கொண்ட பிரிட்ஜ் டையோடு, சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்கில் திருகிய, மின்னோட்டத்தை வேகமாகத் திறந்து மூடும் மூன்று கால் மாஸ்ஃபெட். மாஸ்ஃபெட்டின் நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் இடையே மீட்டர் ஓசை எழுப்பினால் அது போய்விட்டது. அது தனியாகப் போகாது. அதன் காலோடு சேர்ந்த, ஒரு ஓமுக்கும் குறைந்த ரெசிஸ்டரையும் அதை இயக்கும் ஐசியையும் பெரும்பாலும் கூட இழுத்துக்கொண்டு போகும். அந்த நிலையில் ஒவ்வொன்றாக மாற்றுவதைவிட, பேனல் உடைந்த அதே மாடலைத் தேடி முழுப் பவர் போர்டையும் எடுத்து மாட்டுவதே புத்திசாலித்தனம். மாடல் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, போர்டில் அச்சிட்ட எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

ஃபியூஸுக்குப் பதில் வயர்த் துண்டைக் கட்டிப் பார்க்கலாமா என்று யாராவது கேட்பார்கள். கூடாது. ஃபியூஸ் செய்ய வேண்டிய வேலையைப் பிறகு போர்டு எரிந்து செய்யும்.

நம் ஊரில் மட்டும் அடிக்கடி பார்க்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். பின்மூடியின் காற்றுத் துளை வழியாகப் பல்லி உள்ளே போய்ப் போர்டில் கருகிக் கிடக்கும். எறும்புக் கூட்டமும் கரப்பான் எச்சமும் இருக்கும். அப்படிக் கண்டால் சாமணத்தால் எடுத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் காய வைத்து, பிறகு மேற்சொன்ன சோதனைகளைத் தொடங்குங்கள்.

ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, ஆனாலும் விளக்கு இல்லை என்றால், சீரிஸ் பல்பு வழியாக மின்சாரம் கொடுத்துப் பெரிய கெபாசிட்டரின் இரு கால்களுக்கிடையே டிசி அளவுகோலில் அளக்க வேண்டும். கறுப்பு முனை அந்தக் கெபாசிட்டரின் நெகட்டிவ் காலில்தான் இருக்க வேண்டும், உலோகச் சட்டத்தில் அல்ல. வீட்டு மின்சாரம் வரும் பாதி, குறைந்த டிசி வெளியேறும் பாதி என்று பவர் போர்டின் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பிரிக்கப்பட்டவை. ஒரு பக்கத்தின் நெகட்டிவ்வை மறுபக்கத்துக்குப் பயன்படுத்தினால் அளவு தவறும், ஆபத்தும் உண்டு. 300 வோல்ட்டுக்கு மேல் இருந்தும் மறுபக்கத்தில் 5 வோல்ட் வரவில்லை என்றால், பவர் ஐசியின் அருகில் இருக்கும் சின்னக் கெபாசிட்டரைச் சந்தேகியுங்கள். 22 அல்லது 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் இருக்கும். அது காய்ந்துவிட்டால் ஐசி தொடங்கவே தொடங்காது. பார்வைக்குப் புதிது போலவே இருக்கும், மாற்றித்தான் பார்க்க வேண்டும்.

விளக்கு சிமிட்டுகிறது, அல்லது நெடுநேரம் கழித்து எரிகிறது

‘காலையில் போட்டால் வராது. நாலைந்து முறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் வரும். வந்துவிட்டால் நாள் முழுக்க ஓடும்.’ விற்பவர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்தால் பேரம் பேசாமல்கூட வாங்கலாம். பவர் போர்டின் வெளியீட்டுப் பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் காய்ந்துவிட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை.

நடப்பது இதுதான். இந்தக் கெபாசிட்டருக்குள் மின்பகு திரவம் ஊறிய காகிதம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. சூட்டில் அந்தத் திரவம் மெல்ல மெல்ல உலர்கிறது. உலர உலர அதன் உள்தடை, அதாவது இஎஸ்ஆர், ஏறுகிறது. பேக்லைட் எரியத் தொடங்கும் கணத்தில் ஒரே மூச்சில் அதிக மின்னோட்டம் தேவைப்படும். உள்தடை ஏறிய கெபாசிட்டரால் அதைத் தர முடிவதில்லை. மின்னழுத்தம் சரிகிறது, பாதுகாப்புச் சுற்று அணைக்கிறது, மறுபடி தொடங்குகிறது. அந்தச் சுழற்சிதான் விளக்குச் சிமிட்டலாகவும் ‘டிக், டிக்’ ஓசையாகவும் வெளிப்படுகிறது. சூடேறினால் உள்தடை சற்றுக் குறையும். அதனால்தான் பலமுறை முயன்றபின் எரிகிறது.

இந்தக் கெபாசிட்டரின் உடம்பில் 85 அல்லது 105 டிகிரி என்று எழுதியிருக்கும். அந்தச் சூட்டில் தொடர்ந்து வைத்தால் தாங்கும் நேரம் சாதாரண ரகத்துக்கு 2000 மணி நேரம் என்ற அளவில் கணக்கிடுவார்கள். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. ஆனால் பல போர்டுகளில் இவற்றை ஹீட் சிங்கை ஒட்டியே நட்டிருப்பார்கள். போதாக்குறைக்கு, 2000-களின் முற்பகுதியில் வந்த பல கெபாசிட்டர்களில் மின்பகு திரவத்தின் கலவையே சரியில்லாமல் போய், உலகம் முழுக்க மதர்போர்டுகளும் மானிட்டர்களும் கூட்டங்கூட்டமாகப் பழுதாயின. வரவேற்பறையில் இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்த மானிட்டரானால் கேட்கவே வேண்டாம்.

கண்டுபிடிப்பது எப்படி? கெபாசிட்டரின் தலையில் கூட்டல் குறி போலவோ ஆங்கில கே எழுத்து போலவோ கீறல் இருக்கும். அந்தத் தலை தட்டையாக இருக்க வேண்டும். விரலால் தடவிப் பாருங்கள், சற்றே மேடு தட்டினாலும் கெட்டது. பழுப்பு நிறத்தில் ஏதாவது கசிந்து உறைந்திருந்தாலும் கெட்டது. ஆனால் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிர்மஞ்சள் அல்லது பழுப்புப் பொருளைக் கண்டு ஏமாற வேண்டாம். அது பெரும்பாலும் அசையாமல் இருக்கத் தொழிற்சாலையில் வைத்த பசை. தலை தட்டையாக இருந்தும் உள்ளே காய்ந்தவையும் உண்டு. எனவே வெளியீட்டுப் பக்கத்தில் ஒன்று கெட்டிருந்தாலும் அந்தப் பக்கத்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே என் வழக்கம். ஒன்றன் விலை சில ரூபாய்தான். பின்மூடியை மறுபடி கழற்றுவதுதான் பெரிய செலவு.

வாங்கும்போது மைக்ரோஃபாரட் அளவு அதேயாக இருக்க வேண்டும். வோல்ட் அதேயாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கலாம், குறையவே கூடாது. 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் இருந்த இடத்தில் 25 வோல்ட் போடலாம், உயரமும் பருமனும் இடத்துக்குப் பொருந்தினால். 105 டிகிரி, குறைந்த இஎஸ்ஆர் என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் ‘எல்லாம் ஒன்றுதான் சார்’ என்று சாதாரண ரகத்தை நீட்டுவார். அதைப் போட்டாலும் எரியும். ஆனால் ஆறு மாதத்தில் அதே சிமிட்டல் திரும்பி வரும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது துருவம். கெபாசிட்டரின் உடம்பில் ஓடும் பட்டை நெகட்டிவ் பக்கம். போர்டில் வட்டத்தின் பாதியை நிரப்பிக் காட்டியிருப்பார்கள். பெரும்பாலும் அதுவும் நெகட்டிவ்தான், ஆனால் எல்லா நிறுவனமும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. பழையதைக் கழற்றும் முன் எடுத்த படமே நம்பகமான சாட்சி. தலைகீழாகப் போட்டால் பட்டென்று வெடிக்கும். பழைய சால்டர் எளிதில் உருகாவிட்டால், முதலில் கொஞ்சம் புதுச் சால்டர் சேர்த்து உருக்கிப் பிறகு பம்ப்பால் உறிஞ்சுங்கள். வலுக்கட்டாயமாக இழுத்தால் செம்பு வட்டமும் சேர்ந்து வந்துவிடும்.

படம் இரண்டு விநாடி வந்து மறைகிறது

பவர் விளக்கு எரிகிறது, நிறுவனத்தின் சின்னம் ஒரு கணம் தெரிகிறது, உடனே கறுத்துவிடுகிறது. அல்லது தொடக்கத்திலிருந்தே கறுப்பு. அறையை இருட்டாக்கி, கணினியை இணைத்து, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஐகான்களோ எழுத்துகளோ மங்கலாகத் தெரிந்தால் மகிழலாம். பேனல் உயிரோடு இருக்கிறது, மெயின் போர்டும் உயிரோடு இருக்கிறது, பின்னால் வெளிச்சம் மட்டும் இல்லை.

இங்கே மானிட்டரின் வயது முக்கியம். ஏறத்தாழ 2010 வரை வந்தவற்றில் பெரும்பாலும் பேக்லைட் என்பது சிசிஎஃப்எல், அதாவது பென்சிலைவிட மெல்லிய டியூப்லைட். பேனலின் ஓரத்திலிருந்து இரண்டு இரண்டாக, சில மாடல்களில் இளஞ்சிவப்பு உறையோடு, வயர்கள் வந்து பவர் போர்டில் செருகியிருந்தால் அதுதான். அதற்குப் பின் வந்தவற்றில் எல்இடி பட்டை. அதற்கு மெல்லிய ஒரே கேபிள்தான் போகும்.

இரண்டிலும் பொதுவான சோதனை ஒன்று. பவர் போர்டிலிருந்து மெயின் போர்டுக்குப் போகும் கனெக்டரின் ஒவ்வொரு முனைக்கு அருகிலும் பெயர் அச்சிட்டிருப்பார்கள். 5 வோல்ட், கிரவுண்ட், வெளிச்சத்தை ஏற்றியிறக்கும் முனை, பேக்லைட்டை ஆன் செய்யும் முனை. மானிட்டரைப் போட்டதும் அந்த ஆன் முனையில் 3 முதல் 5 வோல்ட் வரை வந்து நிலைத்திருந்தால் மெயின் போர்டு தன் வேலையைச் செய்துவிட்டது, பழுது பேக்லைட்டிலோ அதை இயக்கும் சுற்றிலோதான். அந்த வோல்ட் வரவே இல்லையென்றால் மெயின் போர்டைப் பார்க்க வேண்டும். இந்த ஓர் அளவீடு பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

சிசிஎஃப்எல் மானிட்டரில் இரண்டு விநாடியில் அணைவதற்குக் காரணம், குழலுக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுற்றான இன்வெர்ட்டரின் பாதுகாப்பு. நான்கு குழல்களில் ஒன்று எரியாவிட்டாலும் அது மின்னோட்டக் குறைவை உணர்ந்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். முதலில் வெளியீட்டுக் கெபாசிட்டர்களை மேலே சொன்னபடி சரிபாருங்கள். பாதிப் பழுது அங்கேயே தீரும். பிறகு குழல் செருகும் கனெக்டர்களில் கருகல் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து இன்வெர்ட்டர் டிரான்ஸ்ஃபார்மர்கள். இரண்டு ஒரே மாதிரி இருந்தால், மின்சாரம் இல்லாத நிலையில் இரண்டின் வெளியீட்டுச் சுருளின் தடையையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒன்று மிகக் குறைவாகவோ முற்றிலும் திறந்தோ காட்டினால் அதுதான் குற்றவாளி.

மின்சாரம் ஓடும்போது அந்தக் குழல் கனெக்டர்களில் மீட்டரை வைக்கவே வேண்டாம். எரியும்போதே 600 வோல்ட்டுக்கு மேல், தொடங்கும் கணத்தில் அதைவிட மிக அதிகம். அதிர்வெண்ணும் பல்லாயிரம் ஹெர்ட்ஸ். சாதாரண மீட்டர் கெட்டுப்போகும், கையும் சுடும்.

குழலே போய்விட்டது என்றால் அறிகுறி முன்பே காட்டியிருக்கும். போட்டவுடன் திரை இளஞ்சிவப்பாக இருந்து மெல்ல வெளுக்கும், வெளிச்சம் ஆண்டுக்காண்டு மங்கிக்கொண்டே வரும். குழலை மாற்றப் பேனலையே பிரிக்க வேண்டும். ஒரு தூசி உள்ளே போனால் திரையில் நிரந்தரமாகத் தெரியும். குழலுக்குள் பாதரசம் வேறு இருக்கிறது, உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியே போய் நிற்க வேண்டும். குழலை எடுத்துவிட்டு எல்இடி பட்டை வைக்கும் தொகுப்புகள் சந்தையில் கிடைக்கின்றன. அதன் சிறு போர்டுக்கு நான்கு வயர்கள் போதும்: மின்சாரம், கிரவுண்ட், ஆன், வெளிச்ச அளவு. பார்க்கும் கோணம் மாறினாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகைப் பேனலோ பெரிய திரையோ ஆனால் செய்யலாம். 17 அங்குல மானிட்டருக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதில் கழிக்க வேண்டுமா என்பது உங்கள் முடிவு.

எல்இடி மானிட்டரில் சோதனை எளிது. பட்டைக்குப் போகும் வெளியீட்டில், அதை இயக்கும் சுற்று உள்ளே வரும் மின்னழுத்தத்தை உயர்த்திக் கொடுக்கிறது. மானிட்டரைப் போடும் கணத்தில் மீட்டரைப் பாருங்கள். உள்வரும் 12 அல்லது 19 வோல்ட்டிலேயே அசையாமல் நின்றால் இயக்கும் சுற்று ஓடவில்லை. மளமளவென்று ஏறி உடனே சரிந்துவிட்டால், சுற்று முயன்றது, ஆனால் எல்இடி வரிசையில் எங்கோ அறுந்திருக்கிறது. முதலில் அந்தக் கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

சிக்னல் இல்லை என்கிறது, அல்லது நிறம் மாறித் தெரிகிறது

‘சிக்னல் இல்லை’ என்ற எழுத்து தெரிந்தாலே பவர் போர்டும் பேனலும் பேக்லைட்டும் நலம். எஞ்சியிருப்பவை கேபிள், உள்ளீட்டுத் தேர்வு, மெயின் போர்டு. பழைய உரிமையாளர் டிவிஐ உள்ளீட்டில் வைத்துவிட்டுப் போயிருப்பார், நீங்கள் விஜிஏ உள்ளீட்டில் செருகியிருப்பீர்கள். மானிட்டரின் பட்டனை அழுத்தினால் திரையில் வரும் அதன் சொந்த மெனுவில் மாற்றிவிடுங்கள்.

விஜிஏ கேபிளில் 15 முனைகளுக்குப் பதில் 14 இருப்பதைக் கண்டு உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஒன்பதாம் முனை இல்லாமலே வரும் கேபிள்கள் ஏராளம். நிறம் மாறினால் முதல் மூன்று முனைகளைப் பாருங்கள். ஒன்று சிவப்பு, இரண்டு பச்சை, மூன்று நீலம். திரை மஞ்சளாக இருந்தால் நீலம் வரவில்லை, கத்தரிப்பூ நிறமானால் பச்சை வரவில்லை, நீலப்பச்சையானால் சிவப்பு வரவில்லை. வளைந்த முனையை மெல்லிய குறட்டால் நிமிர்த்தினால் போதும். மெனுவின் நிறமும் அதேபோல் மாறியிருந்தால் மட்டும் கோளாறு மெயின் போர்டிலோ பேனல் கேபிளிலோ இருக்கிறது.

படம் வருகிறது, எழுத்து மட்டும் மழுங்கலாக, கணினி 1024×768-க்கு மேல் தர மறுக்கிறது என்றால், மானிட்டர் தன் அளவைக் கணினிக்குச் சொல்லும் வழி அடைபட்டிருக்கிறது. அந்தத் தகவல் செல்வது 12, 15-ஆம் முனைகள் வழியாக. மலிவான கேபிள்கள் சிலவற்றில் அந்த வயர்களே இருக்காது. வேறு கேபிளில் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் கணினியில் கைமுறையாக அளவைக் கொடுக்கலாம்: சதுரமான 17, 19 அங்குலத்துக்குப் பெரும்பாலும் 1280×1024, அகலமான 18.5 அங்குலத்துக்கு 1366×768.

வெள்ளைத் திரை

வெளிச்சம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்து படமே இல்லையென்றால், பேனலுக்கு மின்சாரமோ சிக்னலோ போகவில்லை. மலிவான மானிட்டர்களில் உள்ள டிஎன் பேனல், கட்டளை வராதபோது ஒளியை அப்படியே விட்டுவிடும். ஐபிஎஸ் பேனலானால் இதே பழுதில் கறுப்பாக இருக்கும். மெயின் போர்டிலிருந்து பேனலுக்குப் போகும் அகலமான கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, ஆல்கஹாலால் துடைத்து, அழுத்தி மாட்டுங்கள். இதில் தீர்ந்துவிடுவது நிறைய. தீராவிட்டால் பேனலின் பின்னுள்ள சிறு போர்டில், கேபிள் நுழையும் இடத்துக்கு அருகில், கடுகளவு ஃபியூஸ் ஒன்று இருக்கும். அதைச் சோதியுங்கள்.

கோடுகள்

மெனுவைத் திறந்து, கோடு அதன் மேலும் ஓடுகிறதா என்று பாருங்கள். மெனுவில் இல்லாமல் படத்தில் மட்டும் இருந்தால் கோளாறு கணினியிலோ கேபிளிலோ. மெனுவையும் வெட்டிக்கொண்டு போனால் ஒரே ஒரு நம்பிக்கை, மேலே சொன்ன அகலமான கேபிள். அதற்குப் பிறகும் மேலிருந்து கீழாக ஒற்றைக் கோடு நின்றால், பேனலின் கண்ணாடியோடு ஒட்டப்பட்ட மெல்லிய படலத்தில் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. தொழிற்சாலையில் சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டியது அது. சால்டரிங் அயர்னால் தொட்டால் ஒரு கோடு பத்தாகும். சட்டத்தின் ஓரத்தை அழுத்தினால் கோடு மறைகிறது என்று ரப்பர் துண்டைச் செருகி மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். சில வாரம் ஓடும். கடைகளில் ‘சரிசெய்யப்பட்டது’ என்று விற்பதில் இந்த ரகமும் உண்டு. வாங்கும்போது சட்டத்தை நான்கு பக்கமும் மெதுவாக அழுத்திப் பாருங்கள்.

மெனு தானாகத் திறக்கிறது, பட்டன் வேலை செய்யவில்லை

பட்டன் போர்டின் கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரைப் போடுங்கள். தொல்லை நின்றால் பட்டன்களில் ஒன்று உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் இது அதிகம். 6 மில்லிமீட்டர் சதுரப் பட்டன்கள் எல்லா எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். காலின் எண்ணிக்கையும் தண்டின் உயரமும் பார்த்து வாங்குங்கள். பட்டன் எதுவும் வேலை செய்யாமல் ‘பூட்டப்பட்டது’ என்று திரையில் வந்தால் அது பழுதே அல்ல. பல மாடல்களில் மெனு பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் திறந்துவிடும்.

மூடுவதற்கு முன்

சரியாகிவிட்டது என்று தெரிந்ததும் திருகாணியைத் தேடாதீர்கள். பவர் போர்டை மூடும் தகரத் தட்டை மட்டும் மாட்டி, யாரும் கை வைக்காத இடத்தில் நிறுத்தி, முழு வெளிச்சத்தில் மூன்று நான்கு மணி நேரம் ஓடவிடுங்கள். அணைத்து, ஆற விட்டு, மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் மீண்டும் போட்டுப் பாருங்கள். கெபாசிட்டர் பழுது வெளியே வருவது அந்தக் காலை வேளையில்தான். பூமி வயருக்கான திருகாணி ஒன்று தகரத்தில் தனியாக இருக்கும். அதை மறந்துவிட்டால் உலோகப் பகுதியைத் தொடும்போது சுர்ரென்று இழுக்கும். மூன்று முனை பிளக்கின் பூமி முனையை உடைத்து இரண்டு துளை சாக்கெட்டில் செருகினாலும் இதேதான் நடக்கும்.

தேறாது என்று முடிவான மானிட்டரிலிருந்து பவர் போர்டு, மெயின் போர்டு, பட்டன் போர்டு, பேனல் கேபிள், கால் ஆகியவற்றைக் கழற்றி, மாடல் எண்ணை எழுதி ஒட்டி வையுங்கள். சிசிஎஃப்எல் பேனலை மட்டும் உடைக்காமல், மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் முழுசாகக் கொடுத்துவிடுங்கள்.